காப்பீட்டு அட்டை இருந்தும் ஸ்டென்ட்டுக்குத் தனிப் பணமா?

தொண்டி சகோதரிக்கு, அப்பாவின் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு (இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை) முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டியும், மதுரைத் தனியார் மருத்துவமனை ஸ்டென்ட்டுக்கு, அதாவது அந்தக் குழாயில் வைக்கும் சிறு வலைக்குழாய்க்கு, தனியாகப் பணம் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். இத்திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை முன்பே நிர்ணயிக்கப்பட்டது. பரிசோதனை, மருந்து, ஸ்டென்ட், படுக்கை எல்லாம் அதில் அடக்கம். செலவு கட்டுக்குள் நிற்பது அதனால்தான். அந்தத் தொகை போதவில்லை என்று மருத்துவமனை குறைகிற காசை நோயாளியிடம் வாங்கப் பார்ப்பதும் அதனால்தான், அது அநியாயம்.

முதலில் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்: திட்டத்திலிருந்து சிகிச்சைக்கு முன் அனுமதி வந்ததா, எந்தச் சிகிச்சைக்கு, எவ்வளவுக்கு? கூடுதல் பணம் எதற்கென்று எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் அட்டை எண்ணோடு திட்டத்தின் இலவச எண் 1800 425 3993க்குப் பேசிப் புகாரைப் பதியுங்கள். தனியறை ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வலி கூடினால் மட்டும் வாக்குவாதத்தை விடுங்கள், சிகிச்சை நடக்கட்டும். ரசீதை வைத்துப் பிறகு கேட்கலாம்.