பூவரசுக் கிண்ணம் ஏன் பிளந்தது?

வியாசர்பாடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "காற்றில் சாய்ந்த பூவரசை வெட்டி, மறுநாளே லேத்தில் 9 அங்குலக் கிண்ணமாகக் கடைந்து முடித்தேன். நாலே நாளில் விளிம்பில் பிளவு. பசை போட்டால் நிற்குமா?"

ஒட்டிக்கொள்ளும், பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும். அதை விட்டுவிடுங்கள். கட்டை மீதம் இருக்கிறதா? முதலில் அதன் வெட்டுமுகங்களில் மெழுகோ ஃபெவிகாலோ தடவுங்கள். நீர் வேகமாக வெளியேறுவது அந்த வழியாகத்தான்.

ஈர மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவதே இல்லை எனலாம். வளையங்களின் போக்கில் சுருங்குவதோ, நடுவிலிருந்து பட்டைப் பக்கம் சுருங்குவதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. அதனால் வட்டம் முட்டை வடிவமாகும். அதைத் தடுக்க முடியாது. பிளவைத் தடுக்கலாம். வெளித்தோல் சீக்கிரம் காய்ந்து இறுகுகிறது, உள்ளே ஈரம் இடம் கொடுப்பதில்லை, அங்கேதான் வெடிக்கிறது. துண்டில் மரத்தின் நடுப்புள்ளி இருந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கட்டையை நடுவில் பிளந்து, அந்தப் பகுதியைத் தாராளமாகக் கழித்துவிட்டுக் கடையுங்கள்.

இரண்டு தடவையாகக் கடைவதுதான் வழி. முதலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விடுங்கள். உங்கள் கிண்ணத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. விளிம்பிலும் அடியிலும் ஒரே கனம் இருக்க வேண்டும். லேத்தின் கவ்வியான சக் பிடிக்கும் அடிக்குமிழையும் பெரிதாகவே விடுங்கள், அதுவும் கோணும். அப்புறம் செய்தித்தாளில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுங்கள். ஃபேன் காற்று நேராகப் படக்கூடாது. நான் ஒருமுறை சித்திரை வெயிலில் தூங்குமூஞ்சி மரக் கிண்ணத்தை மொட்டைமாடியில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் 'படக்'கென்று சத்தம், விரல் நுழைகிற பிளவு.

சிலர் கடைசல் சீவலுக்குள்ளேயே புதைத்து வைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் அதைச் செய்தால் பூஞ்சைதான் மிஞ்சும்; அப்போது தாள் போதும், ஈரமானால் மாற்றுங்கள்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைக் கிண்ணத்தின் அடியிலேயே பென்சிலால் எழுதுங்கள். மூன்று நான்கு வாரம் எடை அசையாமல் இருந்தால் காய்ந்தது என்று அர்த்தம். நாலைந்து மாதம்கூட ஆகலாம். ஏசி அறைக்குப் போகிற கிண்ணம் என்றால், கடைசி சில வாரம் அங்கேயே வையுங்கள். கடலோரக் காற்றில் காய்ந்தது அங்கே போனால் இன்னும் கொஞ்சம் சுருங்கும்.

பிறகு மறுபடி கடைந்து, பச்சை ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகப் பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.