புதுத் தொட்டியில் மீன் மிதக்கிறது: அக்வாபோனிக்ஸ் கேள்வி-பதில்

மீன் தொட்டித் தண்ணீரிலேயே செடியும் வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: தொட்டி புதுசு, மீன் மொத்தமும் போச்சு. மீன் கழிவில் வரும் அம்மோனியா, பாக்டீரியா அதை மாற்றும்போது வரும் நைட்ரைட், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் என்று இவற்றை அளந்து எழுதியவர் ஒரே ஒருவர். முதல் பதில் அவருக்கு.

கீழக்கரை வாசகி: மீன் விட்டு மூன்று வாரம். அம்மோனியா இறங்கிவிட்டது, நைட்ரைட் 5 பிபிஎம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்). மீன்கள் தண்ணீர் விழும் இடத்தில் வாயைப் பிளந்தபடி நிற்கின்றன. செவுள் பழுப்பாக இருக்கிறது.

நைட்ரைட் ரத்தத்தில் ஏறிவிட்டது. அது இறங்கும்வரை எவ்வளவு காற்று விட்டாலும் ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்காது. தீனியை நிறுத்துங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். 1000 லிட்டருக்கு 1 கிலோ கல் உப்பைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே நுழைவதைத் தடுக்கும். பீன்ஸ் போட்டிருந்தால் அது வாடும். மீன் முக்கியமா, பீன்ஸ் முக்கியமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

உச்சிப்புளி வாசகர்: காவிரிக் குழாய்த் தண்ணீரை நேராகத் தொட்டியில் விட்டேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் மிதந்தன.

குளோரின். தனி டிரம்மில் பிடித்து, ஒரு நாள் காற்று விட்டு அப்புறம் ஊற்றுங்கள். அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாவும் செத்திருக்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மண்டபம் வாசகர்: செடித்தொட்டிக்குக் கடற்கரையில் கிடந்த பவளக்கல்லும் சிப்பியும் போட்டேன். செலவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் மத்தியானம் ஆனால் ஜிலேபிக் கெண்டை ஒவ்வொன்றாகச் சாகிறது.

நம் கரையோரத்தில் எத்தனை பேருக்குச் சொல்வது! பவளக்கல், சிப்பி, சங்கு எல்லாமே சுண்ணாம்பு. தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும், பிஎச்சை 8க்கு மேலேயே பிடித்து வைக்கும். பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷ வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட வராது. 8.4 ஆகி, தண்ணீரும் 30 டிகிரி சூடேறினால் ஆறில் ஒரு பங்கு விஷம். வெயில் ஏற ஏறச் சூடும் கூடும், பாசி பிஎச்சையும் தூக்கும். மத்தியானச் சாவுக்கு இதுதான் காரணம். தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று யார் சொன்னது? அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. அளக்காமல் எழுதாதீர்கள்.

எலுமிச்சை, வினிகர் ஊற்றி பிஎச்சை இறக்கலாம் என்று இறங்காதீர்கள். கல் உள்ளே இருக்கும்வரை மறுநாளே ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கமே மீனைக் கொல்லும். செடியின் இளந்தளிர் மஞ்சளாவதும் இதனால்தான், அந்த பிஎச்சில் இரும்புச்சத்து வேரில் ஏறாது. மொத்தத்தையும் வெளியே எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவிய கருங்கல் ஜல்லி போடுங்கள். சந்தேகமான கல்லில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் வேண்டாம். இன்னொன்று: பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. கரையில் கிடந்தாலும் அள்ளக் கூடாது. செலவில்லை என்கிறீர்களே, அபராதம் வந்தால் தெரியும்.

பெயரும் ஊரும் எழுதாத ஒருவர்: மீன் சாகிறது. என்ன மருந்து ஊற்றலாம்?

எத்தனை லிட்டர், என்ன மீன், எத்தனை நாள் தொட்டி என்று எதுவும் இல்லை. மருந்து ஊற்றாதீர்கள். தீனியை நிறுத்துங்கள்.

ஏர்வாடி வாசகர்: ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. காலையில் பெரிய மீன் எல்லாம் செத்துக் கிடந்தது, குஞ்சுகள் பிழைத்தன.

பெரியது முதலில் போனால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவுதான். பேட்டரி ஏர் பம்ப் வாங்குங்கள். 1000 லிட்டருக்கு 20 கிலோ மீனுக்கு மேல் வேண்டாம். புதுத் தொட்டியில் அதில் பாதி.

தொண்டி வாசகி: செடியில் மாவுப்பூச்சி. கடை மருந்தை அளவாகத்தான் அடித்தேன்.

செடிக்கு அளவு, மீனுக்கு விஷம். பூச்சி மருந்துகளில் பல, துளி விழுந்தாலே மீனை முடித்துவிடும். தூரிகையால் துடைத்தெடுங்கள்.

தேவிபட்டினம் வாசகர்: புது சிமெண்ட் தொட்டி, இரண்டாம் நாளே மீன் விட்டேன்.

சிமெண்ட் சுண்ணாம்பு கக்கும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிறுத்தி, மாற்றி மாற்றிக் கொட்டி, பிஎச் 8க்குக் கீழ் நின்ற பிறகு நல்ல பாக்டீரியா வளர இன்னும் ஐந்தாறு வாரம் கொடுங்கள்.

அவரே: செத்த மீனைக் குழம்பு வைக்கலாமா?

வேண்டாம். தென்னையடியில் ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் நாய் கிளறும்.