மகனின் கப்பல் வரைபடத்தில் மறைவது ஏன்?

கேள்வி: என் மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். பினாங்கிலிருந்து கிளம்பும்போது கைப்பேசி வரைபடத்தில் கப்பல் தெரிகிறது. அந்தமான் கடலுக்குள் போனதும் காணோம். கருவியை அணைத்துவிடுகிறார்களா?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நானும் கப்பலில் இருந்தவன். வீட்டில் காத்திருப்பவர்களின் தவிப்பு எனக்குத் தெரியும்.

நீங்கள் பார்ப்பது ஏ.ஐ.எஸ். கருவியின் தகவல்; கப்பல் தன்னைத் தானே அடையாளம் காட்டும் கருவி அது. வெளிநாடு போகும் 300 டன்னேஜும் (கப்பலின் உள்ளளவைக் காட்டும் எண்) அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் அது கட்டாயம். ஓடும்போது சில நொடிக்கு ஒரு முறை இடம், வேகம், திசையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் அது வி.எச்.எஃப். என்ற குறுந்தூர வானொலி. கரையிலுள்ள ஆண்டெனாவுக்குச் சில பத்து கடல் மைல்தான் எட்டும். அதைத் தாண்டினால் செயற்கைக்கோள்தான் பிடிக்க வேண்டும். இலவசச் செயலிகளில் அது பெரும்பாலும் வராது. கடற்கொள்ளையர் ஆபத்து இருந்தால் கேப்டன் அணைக்கலாம், அது அபூர்வம்.

இன்னொன்று: சேருமிடத்தையும் நேரத்தையும் அதிகாரி கையால் தட்டுகிறார். சில சமயம் பழைய துறைமுகத்தின் பெயரே அப்படியே நிற்கும். அதை நம்பிக் கலங்காதீர்கள்.

எல்.ஆர்.ஐ.டி. என்ற தனித் தொலைதூரக் கண்காணிப்பு ஏற்பாடும் உண்டு. 6 மணி நேரத்துக்கு ஒரு முறை செயற்கைக்கோள் வழியாக, கப்பல் பதிவான நாட்டுக்கு இடம் போய்விடும். நமக்குத்தான் தெரியாது.

துறைமுகங்களும் வருகையை முன்கூட்டியே கேட்கும். அமெரிக்காவில் பொதுவாக 96 மணி நேரத்துக்கு முன்பே. அதனால் அடுத்த துறைமுகம் எது, எந்தத் தேதி என்று கிளம்பும் முன் மகனிடமே கேட்டு வையுங்கள்.