காய்ச்சலும் பாய்ச்சலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நெல் வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு குறையும் என்கிறார்களே, எத்தனை நாள் காயவிடலாம்? மகசூல் குறையாதா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: நாள் கணக்கு உதவாது. களிமண்ணில் வாரக்கணக்கில் நிற்கும் ஈரம் மணற்பாங்கில் மூன்றே நாளில் போய்விடும். ஆழத்தைப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் எல்லை இது: நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்ச வேண்டும். இதைத் தாண்டாதவரை மகசூல் பொதுவாகக் குறைவதில்லை.

ஆழம் பார்க்க, 30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. விட்டமும் உள்ள பிவிசி குழாய்த் துண்டு போதும், மூங்கிலும் ஆகும். சுற்றிலும் துளையிட்டு, வரப்போரமாக, மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில் 15 செ.மீ. இறக்குங்கள். உள்ளே இருக்கும் மண்ணை அடிவரை அள்ளிவிட வேண்டும். தண்ணீர் கட்டிய சில மணி நேரத்தில் குழாய்க்குள்ளும் வெளியேயும் ஒரே மட்டம் வராவிட்டால் துளைகளைச் சேறு அடைத்திருக்கிறது. பிடுங்கிக் கழுவி மறுபடி நடுங்கள். உழவுக்கு அடியில் இறுகிக் கிடக்கும் மண் அடுக்கைக் குழாய் துளைத்துவிடக் கூடாது.

நட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். களை மிகுந்த வயலில் இன்னும் 2, 3 வாரம் தள்ளிப்போடுங்கள். நிற்கும் தண்ணீர்தான் களையை அமுக்கும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை காயவிடவே வேண்டாம். அப்போது காய்ந்தால் பதர்தான் மிஞ்சும்.

கேள்வி: மீத்தேன் குறைந்தாலும் நைட்ரஸ் ஆக்சைடு கூடுமாமே?

பதில்: கூடும். உலக அளவில் இப்போதைய ஆய்வுகள் இரண்டு வாயுக்களையும் சேர்த்தே அளப்பது இதனால்தான். காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் மீத்தேனை உண்டாக்குகின்றன. காற்றுப் பட்டதும் அவை அடங்கிவிடும். பலமுறை காயவிடும் வயலுக்கு, எப்போதும் நீர் நிற்கும் வயலைப்போல் 0.55 பங்கு மீத்தேன் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2019 வழிகாட்டி கணக்கிடுகிறது. ஆனால் மண் காய்ந்து நனையும்போது தழைச்சத்தின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகப் பறக்கும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பம் பிடிக்கும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதி கைவிட்டுப் போகும். இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்துக் கொடுங்கள். வயல் காய்ந்திருக்கும்போது இட்டு உடனே தண்ணீர் விட்டால் உரம் வேர்ப்பக்கம் இறங்கும்.

கேள்வி: எங்களுக்கு முறைப்பாசனம், அதிலும் கடைமடை. நாங்களும் செய்யலாமா?

பதில்: போர் தண்ணீர் கைவசம் இருந்தால் தாராளமாக. வாய்க்காலை மட்டும் நம்பியிருந்தால் வேண்டாம். முறைத் தண்ணீர் தவறினால் 15 செ.மீ. எல்லை தாண்டிவிடும், களிமண் பாளமாக வெடித்தபின் விடுகிற தண்ணீர் வெடிப்பு வழியே இறங்கிவிடும், மிச்சப்படுத்தியதைவிடக் கூடுதலாகவே செலவாகும்.