படைத்தவரை நம்புவது அன்றாட வாழ்வில் எதை மாற்றுகிறது?

கேள்வி: ஒவ்வொரு ஆராதனையிலும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது, வானத்தையும் பூமியையும் படைத்த கடவுளை நம்புகிறேன் என்று மனதாரச் சொல்கிறேன். ஆனால் மறுநாள் வேலைக்குப் போனதும் அந்த வாக்கியத்துக்கும் என் நாளுக்கும் ஒரு தொடர்பும் இருப்பதாகத் தெரியவில்லை. சிலரை வைத்து வேலை வாங்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஓய்வு இல்லை, உடல்நலமும் சரியில்லை. கல்லூரியில் அறிவியல் படிக்கும் மகள் ஆறு நாள் கணக்கைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. படைப்பை நம்புகிறவர் நடைமுறையில் எதை வேறுவிதமாகச் செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. உலகம் எப்படி, எவ்வளவு காலத்தில் உண்டானது என்று மகள் கேட்கிறார். உண்டாக்கியவர் ஒருவர் இருக்கிறார் என்றால் நான் எப்படி வாழ வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். முதலாவதைத் தீர்த்துவிட்டுத்தான் இரண்டாவதைத் தொட வேண்டும் என்று எண்ணிப் பலர் ஆண்டுக்கணக்கில் முதலாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். வேதாகமம் அந்த வரிசையில் பேசவில்லை என்பதால் உங்கள் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

படைப்பு என்றதும் என்றோ நடந்து முடிந்த ஒரு தொடக்க நிகழ்ச்சியை மட்டும் நினைத்துக்கொள்வதுதான், அந்த நம்பிக்கை நாளின் நடுவே வந்து சேராமல் போவதற்கு முதற்காரணம். 104ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். அதில் கடவுள் மலைகளுக்குத் தண்ணீர் இறைக்கிறார், பறவைக்கு இடம் தருகிறார், சிங்கக்குட்டிக்கு இரை தருகிறார். அவர் சுவாசத்தை வாங்கிக்கொண்டால் உயிர்கள் மாண்டு மண்ணுக்குத் திரும்புகின்றன. வினைகள் பெரும்பாலும் நிகழ்காலத்தில் இருக்கின்றன. எல்லாம் கிறிஸ்துவுக்குள் நிலைநிற்கிறது என்று கொலோசெயருக்கு எழுதிய நிருபமும் சொல்கிறது. பாடுகிறவர் நிறுத்தினால் பாட்டு தானாகத் தொடராது. அதுபோல, உலகம் இந்த நொடியும் அவரால் தாங்கப்படுகிறது என்பதே திருச்சபையின் போதனை. முன்பே இருந்த ஏதோ ஒரு மூலப்பொருளை எடுத்து அவர் உருவம் கொடுக்கவில்லை, இல்லாமையிலிருந்தே உண்டாக்கினார் என்று கிறிஸ்தவர்கள் வலியுறுத்தி வந்ததன் காரணமும் இதுதான்: அவரை விட்டுத் தனியாக நிற்கக்கூடிய எதுவும் இல்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் உடனே வருகின்றன. உலகம் கடவுள் அல்ல; ஆகவே பணமோ பதவியோ குடும்பமோ கூட வணக்கத்துக்குரியதல்ல. உலகம் கேடான குப்பையும் அல்ல. ஆகவே உடலையும் உணவையும் உழைப்பையும் வெறுத்து ஒதுக்குவது பக்தியும் அல்ல. இந்த இரண்டாவதற்காகத் திருச்சபை மிகத் தொடக்கத்திலேயே போராட வேண்டியிருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர், இந்த உலகைப் படைத்தவர் ஒரு தாழ்ந்த தெய்வம், இயேசுவின் பிதா வேறொருவர் என்று போதித்தபோது, ரோமச் சபை அவரை ஏற்க மறுத்தது. லியோன் நகர ஆயர் இரேனேயு இத்தகைய போதனைகளுக்கு எதிராக விரிவாக எழுதினார். மீட்பவரும் படைத்தவரும் ஒருவரே என்பது அன்று முடிவான விஷயம். ஆனால் ஜெபம்தான் ஆவிக்குரியது, அலுவலகக் கணக்கு உலகத்துக்குரியது என்று இன்று நாம் சாதாரணமாகப் பிரித்துப் பேசும்போது மார்சியோனின் பக்கமே கொஞ்சம் சாய்கிறோம் என்பது என் கருத்து. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் கடவுளின் ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று சொல்லப்படுகிற பெசலெயேல் ஒரு கைவினைஞன். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்கிறவன், கல் பதிக்கிறவன், மரம் செதுக்குகிறவன்.

இனி உங்கள் ஓய்வின்மைக்கு வருகிறேன். படைப்பு நம்பிக்கை உண்மையில் சோதிக்கப்படுகிற இடம் அதுவே என்று நான் நினைக்கிறேன். ஆதியாகமத்தின் முதல் பகுதி மனிதனின் படைப்போடு முடிந்துவிடுவதில்லை, ஏழாம் நாளின் ஓய்வோடுதான் முடிகிறது. ஆறாம் நாளில் உண்டாக்கப்பட்ட மனிதனுக்கு முதல் முழு நாளே ஓய்வுநாளாக அமைந்தது. அவன் அதற்கு முன் எந்த வேலையும் செய்து அதைச் சம்பாதித்திருக்கவில்லை. உழைப்புக்குக் கூலியாக ஓய்வு என்ற நம் கணக்கு அங்கே தலைகீழாகிறது. பத்துக் கட்டளைகள் இரண்டு இடங்களில் வருகின்றன. ஓய்வுநாளுக்கு யாத்திராகமம் 20 சொல்லும் காரணம் படைப்பு, உபாகமம் 5 சொல்லும் காரணம் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து கிடைத்த விடுதலை. செங்கல் கணக்குக் குறையக் கூடாது என்று அடித்து வேலை வாங்கப்பட்ட மக்களுக்கு, நீங்கள் நின்றாலும் உலகம் நிற்காது, ஏனெனில் அதைத் தாங்குவது நீங்கள் அல்ல என்று சொல்லப்பட்டது. வேலையை நிறுத்த முடியாதவர் பெரும்பாலும் சோம்பலுக்கு அஞ்சுவதில்லை. தான் இல்லாவிட்டால் எல்லாம் சரிந்துவிடும் என்றுதான் அஞ்சுகிறார். அந்த அச்சத்துக்கும், அவர் வாயால் அறிக்கையிடும் பிரமாணத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியைத்தான் நீங்கள் தொடர்பில்லை என்று உணர்கிறீர்கள்.

ஆகவே வாரத்தில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அது முடியாத பணியென்றால், மாறாத ஒரு பகுதி நாளையாவது வரையறுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஊதியத்துக்கான வேலையை விடுவது மட்டும் போதாது. கட்டளை வேலைக்காரனையும் வேலைக்காரியையும் அந்நியனையும் கால்நடையையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஓய்வெடுக்கும் அதிகாரி தன் கீழ் இருப்பவருக்கு இரவில் செய்தி அனுப்பி, காலையில் முடித்து வை என்று சொன்னால், அவர் ஓய்வுநாளை இன்னொருவரின் தோளில் ஏற்றி வைத்திருக்கிறார் என்று பொருள். பொறுப்பில் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்கலாம். முதல் சில வாரங்கள் அமைதியைவிடப் பதற்றமே அதிகமாக இருந்தால் வியப்படைய வேண்டாம்.

அடுத்தது மனிதர்களிடம் நடந்துகொள்வது. ஒவ்வொரு மனிதரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்று ஆதியாகமம் 1:27 சொல்கிறது. பண்டைய கிழக்கத்திய அரசுகளில் மன்னனையே தெய்வத்தின் சாயல் என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. இங்கே அந்தப் பெருமை ஆண், பெண் அனைவருக்கும் கொடுக்கப்படுகிறது. வேதாகமம் இதை உயர்ந்த தத்துவமாக வைத்துவிடாமல் மிகச் சிறிய காரியங்களுக்குக் கொண்டு வருகிறது. அதே நாவினால் கடவுளைத் துதித்து, அவர் சாயலில் உண்டான மனிதரைச் சபிக்கிறோமே என்று யாக்கோபு தம் நிருபத்தில் கேட்கிறார். தரித்திரனை ஒடுக்குகிறவன் அவனை உண்டாக்கினவரை நிந்திக்கிறான் என்கிறது நீதிமொழிகள் 14:31. யோபு தன் வேலைக்காரரின் வழக்கை அலட்சியம் செய்யாததற்குச் சொல்லும் காரணம், என்னைக் கருவில் உண்டாக்கியவர்தானே அவனையும் உண்டாக்கினார் என்பது. கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24 கட்டளையிடுவதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். கீழ் வேலை செய்பவரின் ஊதியத்தைத் தாமதிப்பது, பிறர் முன்னால் அவரை அவமதித்துப் பேசுவது, அவர் சொல்ல வருவதைக் கேளாமல் முடிவெடுப்பது ஆகியவற்றை நிர்வாகக் குறைகள் என்று மட்டும் ஒரு கிறிஸ்தவர் எண்ண முடியாது. சாயல் என்பது திறமையோடு சேர்ந்து கூடுவதோ, நோயாலும் முதுமையாலும் குறைவதோ இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல்நலம் சரியில்லாத உங்களுக்கும் இது பொருந்தும்.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாக. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக் நூலின் 38ஆம் அதிகாரம், மருந்துகளை ஆண்டவரே நிலத்திலிருந்து படைத்தார், அறிவுள்ளவர் அவற்றை இகழமாட்டார் என்று நேராகச் சொல்கிறது. சீர்திருத்தச் சபைகள் அந்நூலைத் திருமறை வரிசையில் சேர்ப்பதில்லை. ஆயினும் இந்தக் கருத்தோடு அவற்றுக்கும் பிணக்கில்லை. நோய் ஏன் வந்தது என்ற கேள்விக்குப் படைப்பு நம்பிக்கை எளிய விடை தருவதாக நான் சொல்ல மாட்டேன். யோபு நூலின் இறுதியில் கடவுள் பேசும் நீண்ட உரை முழுவதும் படைப்பைப் பற்றியது. யோபுவின் ஏன் என்ற கேள்விக்கு அதில் விளக்கம் இல்லை. படைப்பு முழுவதும் தவித்துக்கொண்டு விடுதலைக்காகக் காத்திருக்கிறது என்று ரோமர் 8 சொல்வதும், இன்று உள்ளது எல்லாம் முதலில் நன்றாயிருந்த நிலையிலேயே இருப்பதாகக் கருத வேண்டாம் என்பதற்காகவே.

பொருள்களையும் பூமியையும் பயன்படுத்துவதில் ஒரு குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1967இல் வரலாற்றாசிரியர் லின் வைட், சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், பூமியை ஆண்டுகொள்ளுங்கள் என்ற வசனத்தை மேற்கத்தியக் கிறிஸ்தவம் புரிந்துகொண்ட விதமே சூழல் சீரழிவுக்கு வேராக அமைந்தது என்று வாதிட்டார். குற்றச்சாட்டில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அந்த வசனத்தைச் சூறையாடுவதற்கான உரிமச் சீட்டாக வாசித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே மனிதன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்படுகிறான். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகள் என்று லேவியராகமம் 25 சொல்லி, ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. முற்றுகைப் போரில்கூட கனிமரங்களை வெட்டக் கூடாது என்பது உபாகமம் 20இன் சட்டம். அதே கட்டுரையில் லின் வைட், இயற்கையை நேசித்த துறவியான அசிசியின் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவல் புனிதராக முன்மொழிந்தார். 1979இல் போப் இரண்டாம் யோவான் பவுல் அவ்வாறே அறிவித்தார். வீட்டளவில் இதற்கு அர்த்தம், வாங்குவதற்கு முன் தேவையைக் கேட்பது, உணவை வீணாக்காமல் இருப்பது, பழுதானதைச் சரிசெய்து பயன்படுத்துவது, சாப்பிடும் முன் நன்றி சொல்வதை வாய்ப்பாடாக்காமல் இருப்பது. நன்றி சொல்லாமல் எடுத்துக்கொள்கிறவருக்கு எல்லாமே தன் உரிமையாகத் தோன்றத் தொடங்கும்.

மகளின் கேள்வியில் சபைகள் ஒருமித்து நிற்கவில்லை என்பதை அவரிடம் மறைக்காதீர்கள். ஆறு நாள்களையும் 24 மணி நேர நாள்களாகவே கொள்ளும் கிறிஸ்தவர்கள் உண்டு; நீண்ட காலப்பகுதிகளாகவோ, இலக்கிய அமைப்பாகவோ கொள்பவர்களும் உண்டு. அறிவியலுக்கு அஞ்சி அண்மையில் கண்டுபிடித்த சமாளிப்பு என்று இரண்டாவது அணுகுமுறையைச் சிலர் சொல்வது சரியல்ல. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீன், சூரியனே நான்காம் நாளில்தான் வருகிறது என்பதைக் கவனித்து, அந்த நாள்கள் நம் நாள்களைப் போன்றவை அல்ல என்று கருதினார். இயற்கையைப் பற்றி அறிந்தவர்கள் முன் கிறிஸ்தவர்கள் வேதத்தின் பெயரால் பிழையாகப் பேசி நகைப்புக்கு இடமாக்கக் கூடாது என்றும் கடுமையாக எச்சரித்தார். பரிணாமம் ஒரு கருதுகோளுக்கும் மேற்பட்டது என்று 1996இல் போப் இரண்டாம் யோவான் பவுல் ஏற்றுக்கொண்டார்.

பிரபஞ்சம் விரிவடைகிறது என்பதை 1927இல் கணித்து, பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட ஜார்ஜ் லெமெத்ர் ஒரு பெல்ஜியக் கத்தோலிக்கக் குரு என்பது மகளுக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். தம் கோட்பாட்டை ஆதியாகமத்துக்கான நிரூபணமாக யாரும் காட்டுவதை அவர் விரும்பவில்லை. அறிவியல் கோட்பாடு நாளை திருத்தப்படலாம். படைத்தவர் மீதான நம்பிக்கையை அதன்மேல் கட்டக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. எனவே மகளிடம் விவாதத்தில் வெல்ல முயலாமல், ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களையும் 104ஆம் சங்கீதத்தையும் அவரோடு சேர்ந்து வாசியுங்கள். அவர் பாடப் புத்தகத்தில் படித்ததை உங்களுக்கு விளக்கச் சொல்லிக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல உங்களுக்குத் தயக்கம் வேண்டியதில்லை. எல்லாம் அறிந்தவராக இருப்பது படைக்கப்பட்டவரின் வேலை அல்ல.