தோள்பட்டை நரம்பில் அடிபட்டுக் கை விழுந்துவிட்டால் பிசியோதெரபியிலேயே சரியாகுமா?

வண்டியிலிருந்து விழுந்து மூன்று வாரம் ஆகிறது, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, விரல்கள் ஆடுகின்றன, கையை மட்டும் தூக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 'நரம்பு பிசகியிருக்கு, எண்ணெய் போட்டு நீவினா சரியாயிரும்' என்று வீட்டில் யாரோ இதற்குள் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். நான் நாலு மாதம் கேட்டேன்.

நான் டாக்டர் இல்லை. ஆத்தங்குடியில் டைல் பட்டறையில் வேலை செய்கிறவன். மருத்துவம் படித்தவர்கள் யாராவது நான் சொல்வதில் பிழை கண்டால் திருத்தலாம், கோபப்பட மாட்டேன். 'பாரம்பரிய வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறான்' என்று கிளம்புகிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சுளுக்கு என்றால் இன்றைக்கும் எண்ணெய்க்காரரிடம்தான் போவேன். இது சுளுக்கு இல்லை.

2021 தை மாதம். கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில் கல் பதித்து முடித்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். கண்மாய்க் கரை வளைவில் ஆடு குறுக்கே வந்தது. வலது தோள் தரையில் மோத, தலை இடப்பக்கம் போனது. (ஹெல்மெட் போட்டிருந்தேன்.) தோளையும் தலையையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் நடுவில் இருப்பதுதானே பிய்யும். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் ஐந்து நரம்பு வேர்கள் அங்கேதான் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தோளுக்குள் போகின்றன. எனக்குப் போனது மேலே உள்ள இரண்டு. அவைதான் தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும் உத்தரவு கொண்டுபோகிறவை. விரல்களுக்குப் போவது பெரும்பாலும் கீழ் வேர்களிலிருந்து. அதனால் விரல் ஐந்தும் ஜோராக ஆடும், கை மட்டும் சட்டைக்குள் தொங்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் 'அதான் விரல் ஆடுதே' என்பார்கள். உங்களுக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் நரம்பு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஓட்டுகிறோம். நர்ஸ் ஊசி போடத் தேடுவதும் நரம்புதான், அது ரத்தக் குழாய். கழுத்தில் பிடித்துக்கொள்வதும் நரம்பு, அது தசை. குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருப்பதும் நரம்பு, அது தசைநாண். மூளையின் உத்தரவைக் கொண்டுபோகும் ஒயரும் நரம்பு. நீவினால் தசை இளகும். ஒயர் அறுந்திருந்தால் நீவி ஒட்ட முடியாது. எனக்கு நாலு மாதம் எண்ணெய்க்கட்டும் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த 'நரம்பு மாத்திரை'யும்தான் வைத்தியம். மாத்திரை வெறும் வைட்டமின். ராத்திரியில் கை முழுக்க மிளகாய் அரைத்துப் பூசினமாதிரி எரியும். அதற்கென்று வேறு மருந்து இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில் காரைக்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து, சோற்றை வலது கையால் அள்ளினேன். விரல் அள்ளியது, முழங்கை மடங்கவில்லை. தலையை இலைமேல் குனிந்து பார்த்தேன், எட்டவில்லை. இடது கையால் சாப்பிட்டேன். எதிர் வரிசையில் ஒரு ஆச்சி பார்த்துவிட்டு, பரிமாறுகிற பையனிடம், 'அந்தத் தம்பிக்கு ஸ்பூன் ஒண்ணு கொடப்பா' என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். பாயசத்துக்கு முன்னால் எழுந்துவிட்டேன்.

கடைசியில் தங்கச்சி மாப்பிள்ளை கட்டாயப்படுத்திக் கோயம்புத்தூர் கூட்டிப்போனார். நரம்பில் கரண்ட் விட்டும் தசையில் ஊசி வைத்தும் சோதித்தார்கள். இந்தச் சோதனை மூன்று வாரம் கழிந்த பிறகுதான் சரியாகக் காட்டும். அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி செத்து, அதன் அடையாளம் தசையில் தெரிய அவ்வளவு நாள் ஆகிறது. ஆக, உங்களுக்கு இது சரியான நேரம்.

அங்கே ஒரு டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். சில நரம்பு அதிர்ச்சியில் மயங்கிக் கிடக்கும், சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே எழும். சிலவற்றில் உறை இருக்கும், உள்ளே இழை அறுந்திருக்கும். அது உறைக்குள்ளேயே வளர்ந்துவிடலாம். முழுசாக அறுந்ததும், தண்டுவடத்திலிருந்து வேரோடு பிடுங்கிக்கொண்டதும் தானாகச் சேராது. வளர்கிற நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் போகும். கழுத்திலிருந்து மேல்கைத் தசைக்கு 20, 25 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு மாதம். தசையோ 12 முதல் 18 மாதத்துக்கு மேல் உத்தரவுக்குக் காத்திருக்காது, கொழுப்பும் நாருமாகிவிடும். அதனால் முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை செய்வதா காத்திருப்பதா என்று முடிவெடுத்துவிட வேண்டும். நான் அதில் நாலு மாதத்தை எண்ணெய்க்குக் கொடுத்திருந்தேன்.

எனக்கு வேரோடு போயிருந்தது. சுண்டுவிரல் பக்கம் போகிற நல்ல நரம்பில் ஓர் இழையை மட்டும் பிரித்து, முழங்கையை மடக்கும் தசைக்குக் கிட்டவே கொண்டுபோய் இணைத்தார்கள். 1994-ல் ஓபர்லின் என்ற பிரெஞ்சு டாக்டர் வெளியிட்ட முறையாம். கழுத்திலிருந்து வளர்ந்து வர வேண்டியதில்லை, சில சென்டிமீட்டர்தான் தூரம். தோளுக்கும் வேறொரு நரம்பைத் திருப்பினார்கள். காலம் கடந்துவிட்டால்கூட வேலை செய்கிற தசையின் நாணை மாற்றிக் கட்டுகிற அறுவை உண்டு. வேலூரில் பால் பிராண்ட் என்ற டாக்டர் 1940களின் கடைசியிலேயே தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்துகாட்டியது அதைத்தான்.

இப்போது உங்கள் கேள்வி. பிசியோதெரபி அறுந்த நரம்பை ஒட்டாது. ஆனால் அது இல்லாவிட்டால் நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிக் கல்லாகியிருக்கும். மல்லாந்து படுத்துக்கொண்டு, நல்ல கையால் கெட்ட கையைப் பிடித்துத் தலைக்கு மேலே, பக்கவாட்டில், முழங்கையை மடக்கி நீட்டி, நாளுக்கு மூன்று வேளை. எனக்குச் சொன்னது இது. உங்களுக்கு எந்தக் கோணம் வரை என்று பார்த்துச் சொல்ல வேண்டியது தெரபிஸ்ட். நடக்கும்போது கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் போடுங்கள், கை எடைக்குத் தோள் இறங்காது. யாரும் கையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் சூடு படாமல் பாருங்கள். டீ டம்ளரில் என் கட்டைவிரல் வெந்ததைத் தோல் உரிந்த பிறகுதான் கண்டேன்.

அறுவை முடிந்து நாலாவது மாதம். தெரபிஸ்ட் பெண், மேஜையில் முகப்பவுடர் தூவி, கையைப் படுக்க வைத்து உள்ளே இழுக்கப் பழகச் சொல்லியிருந்தாள். படுத்த கையை இழுக்க எடை தெரியாதாம். வீட்டு மேஜை சொரசொரப்பு. பட்டறையிலிருந்து நாலு டைல் கொண்டுவந்து பரப்பினேன். கண்ணாடிமேல் வார்த்தெடுத்தது, டைலின் முகம் அப்படி வழுக்கும். பவுடர் போட்டு, முழங்கையை மடக்க நினைக்காமல் மணிக்கட்டை மடக்கி முஷ்டியை இறுக்கினேன். ஏனென்றால் அந்த இழை முன்பு மணிக்கட்டுக்கு உழைத்தது, அதற்குத் தெரிந்த உத்தரவு அதுதான். மேல்கையில் தோலுக்கடியில் மீன் புரண்டமாதிரி ஒரு துடிப்பு. கை இரண்டு விரற்கடை நகர்ந்தது. வீட்டுக்காரி பவுடரில் விழுந்த கோட்டைப் பார்த்துவிட்டு அழுதாள். பிறகு பல மாதம், எதையாவது இறுக்கிப் பிடித்தால் முழங்கை தானே மடங்கும். காபி டம்ளரைப் பிடித்தால் மூக்குக்கு வந்துவிடும். மூச்சுக்கு உழைத்த விலா நரம்பை முழங்கைக்கு மாற்றிவைத்த ஒருவரை அங்கே பார்த்தேன், அவர் இருமினால் கை மடங்கும். மூளை மெல்லப் பிரித்துப் பழகிக்கொள்கிறது.

டைல் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். எந்திரத்தில் பூ அச்சடித்த செராமிக்கை 'ஆத்தங்குடி டிசைன்' என்று விற்கிறார்கள். அச்சை வைத்து, கரண்டியில் வண்ணம் எடுத்து, கை நடுங்காமல் ஊற்றுகிறவனுக்கு அந்தப் பெயரில் ஒரு பைசா கிடையாது. அந்தக் கை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சரி, விடுங்கள்.

இப்போது முழங்கையை மடக்கும் பலம் 5க்கு 4 என்கிறார்கள். தோள் பாதிகூட ஏறாது. தலை சீவ, தலையைத்தான் சீப்புக்குக் கொண்டுபோகிறேன். வண்ணம் ஊற்றுகிறேன், மூட்டை தூக்குவதில்லை.

நீங்கள் இந்த வாரமே அந்தக் கரண்ட், ஊசிச் சோதனையை எடுத்துவிட்டு, கை நரம்பு அறுவை செய்கிற பிளாஸ்டிக் சர்ஜனையோ கை அறுவை டாக்டரையோ பாருங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித்துறை இருக்கிறது. பயிற்சிக்கு வழவழப்பான பலகை கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், நாலு டைல் பார்சலில் போட்டுவிடுகிறேன். கையால் ஊற்றியது.