மகளுக்குக் கொடுத்தால் வரி இல்லை, சித்தி மகனுக்கு?

கேள்வி: என் கணவர் துறைமுக வேலையிலிருந்து இந்த வருடம் ஓய்வு பெற்றார். வந்த பணத்தில், திருவொற்றியூரில் ஃபிளாட் வாங்கும் மகளுக்கு 5 லட்சம், படகு இன்ஜினை மாற்ற என் சித்தி மகனுக்கு 75 ஆயிரம் தரலாம், என் பெயரில் 8 லட்சம் டெபாசிட் போடலாம் என்கிறார். கொடுக்கிறவர்தான் வரி கட்டணும் என்று காசிமேட்டில் இருக்கும் என் அண்ணன் பயமுறுத்துகிறார். தை மாதம் பேரனுக்குக் காதுகுத்து வேறு. மொய்க்கும் வரி உண்டா?
– வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: அண்ணன் சொல்வது பழைய கதை. 1958-ம் ஆண்டுச் சட்டப்படி கொடுத்தவர்தான் அன்பளிப்பு வரி கட்டினார். 1998 அக்டோபரோடு அது போய்விட்டது. இன்று கேள்வியெல்லாம் வாங்குகிறவரிடம்தான்.

மகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் வரி இல்லை. ஆனால் ரொக்கமாக வேண்டாம். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், கொடுத்தது பெற்ற அப்பாவாக இருந்தாலும். வங்கி வழியாக அனுப்பி, ‘மகளுக்கு அன்பளிப்பு’ என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

உங்கள் பெயரில் போடும் டெபாசிட்டுக்கும் வரி இல்லை. அதன் வட்டியை மட்டும் கணவரின் வருமானத்தோடுதான் சேர்ப்பார்கள்.

சிக்கல் சித்தி மகனிடம். கூடப்பிறந்த தம்பி போலவே வளர்ந்திருப்பார், ஆனால் வருமான வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் சித்தி மகனுக்கு இடமில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சித்தி உங்களுக்குக் கொடுத்தால் வரி இல்லை, நீங்கள் சித்திக்குக் கொடுத்தால் அவர் வெளியாளிடம் வாங்கியதாகவே கணக்கு! பட்டியலில் இல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் (ஏப்ரல் முதல் மார்ச் வரை) வந்தது மொத்தம் 50 ஆயிரத்தைத் தாண்டினால், கூடுதல் 25 ஆயிரம் மட்டுமல்ல, முழு 75 ஆயிரமும் அவர் வருமானம் ஆகிவிடும்.

அதற்காக அவர் வரி கட்டியே ஆகணும் என்றில்லை. இதையும் சேர்த்து ஆண்டு வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், 2025 ஏப்ரலிலிருந்து புதிய வரி முறையில் அவருக்கு வரி வராது. 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் மட்டும் போட வேண்டும். மார்ச்சில் 40 ஆயிரம், ஏப்ரலில் 35 ஆயிரம் என்று பிரித்தும் கொடுக்கலாம், தப்பில்லை. திருப்பி வாங்கும் எண்ணமிருந்தால் கடன் என்றே எழுதி வாங்குங்கள். கடன் அன்பளிப்பு ஆகாது. அதுவும் வங்கி வழியாகத்தான், 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கக் கடன் வாங்கக் கூடாது.

மொய் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கல்யாணத்தில் மணமக்களுக்கு வருவதற்கு மட்டுமே முழு விலக்கு. மொய் நோட்டு பெற்றவர்கள் பெயரில் ஓடினால் அந்த விலக்கு அவர்களுக்கு வராது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் எதற்கும் தனிச் சலுகை கிடையாது. தாய்மாமன் செய்வது பட்டியலுக்குள் வந்துவிடும். மருமகனின் சிநேகிதர்கள், தெருக்காரர்கள் வைக்கும் கவர்களைக் கூட்டித்தான் அந்த 50 ஆயிரத்தைப் பார்க்கணும். ஆகவே மொய் எழுத உட்காருகிறவரிடம், பெயர், ஊர், தொகையோடு என்ன உறவு என்பதையும் ஒரு கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள்.